கரிமூட்டத்தில் வெந்த விண்கல்

விண்கல்லுக்குள் அடைபட்டுக் கிடக்கும் வாயுக்களைப் பிரித்து அளப்பது என் வேலை. ஹீலியம், நியான், ஆர்கான் என்று எதனோடும் சேராத கூட்டம். கல்லை வெற்றிடத்தில் வைத்துப் படிப்படியாகச் சூடேற்றினால் அவை வெளியே வரும். அந்தக் கல் எத்தனை கோடி வருஷம் விண்வெளியில் அலைந்தது என்று அவற்றின் அளவை வைத்துச் சொல்லலாம். இதையெல்லாம் விளக்க அலுப்புப்பட்டு, "கல்லைச் சுட்டுப் பாக்குற வேலைப்பா" என்று அப்பாவிடம் ஒருமுறை சொல்லி முடித்துக்கொண்டேன்.

அப்பா திருச்சுழிப் பக்கம் கரிமூட்டம் போடுகிறவர். சீமைக்கருவேல விறகை அடுக்கி, மண்ணால் மூடி, உள்ளே தீயைக் கனியவிட்டுக் கரி எடுப்பார். அம்மா இறந்த பிறகு அங்கே அவர் தனி ஆள், வடக்கே ஆய்வுக்கூடத்தில் நான் தனி ஆள். ஞாயிற்றுக்கிழமை போனில் மழையைப் பற்றிப் பேசிவிட்டு இரண்டு பேரும் வைத்துவிடுவோம்.

போன வருஷம் எங்கள் காட்டில் பெரும் சத்தத்தோடு ஒரு கல் விழுந்தது. "ஒனக்குன்னு எடுத்து வச்சிருக்கேன் தாயி. எப்ப வார?" என்றார் அப்பா. வாரேன் வாரேன் என்றே மூன்று மாதம் கடத்தினேன். அம்மா போனபின் பேச்சே இல்லாமல் போன அந்த வீட்டை நினைத்தாலே எனக்குப் பயம்.

ஒருவழியாகப் போனேன். தேங்காய் அளவுக் கல். மேலே கரி அப்பியிருந்தது. அப்பா கை பட்டால் எதுதான் கறுக்காது என்று துடைத்தேன். காந்தம் ஒட்டியது. அசல் விண்கல்! என் ஊர் மண்ணில் விழுந்த கல்லை நானே அளக்கப்போகிறேன் என்று தலைகால் புரியவில்லை. போன அன்று சாயங்காலமே கல்லோடு அருப்புக்கோட்டை பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

ஆய்வுக்கூடத்தில் ஹீலியம் துளிகூட வரவில்லை. நியானும் அரைகுறைதான். கருவியில் கோளாறோ என்று வேறொரு கல்லை வைத்துப் பார்த்தேன், சரியாக இருந்தது. அப்பாவுக்குப் போன் போட்டேன்.

"கல்லை என்னப்பா செஞ்சீக?"

"மூட்டத்துக்குள்ள வச்சேன் தாயி. எட்டு நாள் வெந்துச்சு. ஒரு கீறல் விழலயே!"

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "ஒங்கள யாரு சுடச் சொன்னா? உள்ள இருந்ததெல்லாம் போச்சு. இனி அது எத்தன காலம் அலஞ்சுச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது!" என்று கத்தினேன். பக்கத்து அறைக்காரர் எட்டிப் பார்த்தார்.



"சுடுறதுதான ஒன் வேலைன்ன," என்றார் அப்பா. "அத நானே முடிச்சு வச்சுட்டா, நீ இங்கன ரெண்டு நாள் கூடத் தங்குவேன்னு நெனச்சேன்."