மைனஸ் என்றால் மேலே

1. கணக்கு

எங்கள் வானிலைத் தொழிலில் மைனஸ் என்றால் மேலே. புதிதாக வருகிறவர்கள் முதல் வாரம் இதில்தான் தடுக்கி விழுவார்கள். நான் விழுந்தது முப்பத்தைந்தாவது வருடத்தில்.

காற்று பக்கவாட்டில் ஓடுவதை பலூன் விட்டு அளந்துவிடலாம். ஒரு பெரிய தாழ்வு மண்டலத்துக்குள் அது மேலே ஏறுவதை அப்படி அளக்க முடியாது. வினாடிக்குச் சில சென்டிமீட்டர், எறும்பு ஊர்கிற வேகம். அதனால் கணக்குப் போட்டுத்தான் பிடிக்க வேண்டும். ஒரு அறைக்குள் நாலு பக்கமும் ஆட்கள் நுழைந்துகொண்டே இருந்தால் யாராவது மாடிப்படி ஏறித்தானே ஆக வேண்டும்? அதே கணக்குதான். ஏறுகிற காற்று மழை தரும், இறங்குகிற காற்று வானத்தைத் துடைத்துவிடும். இந்த ஏற்ற இறக்கத்தை ஒமேகா என்போம். அதைக் காற்றழுத்தம் கூடுகிற, குறைகிற கணக்கில் சொல்வோம். மேலே போகப் போக அழுத்தம் குறைவதால் ஏற்றத்துக்கு மைனஸ், இறக்கத்துக்கு பிளஸ்.

2. பிளஸ் எட்டு

ஓய்வுக்குப் பிறகு அம்பத்தூர் எஸ்டேட்டில், தொழிற்சாலைகளுக்கு மழை நிலவரம் சொல்லும் ஒரு சின்ன ஆபீஸில் சேர்ந்தேன். அங்கே டீ போட்டு, கூட்டிப் பெருக்குகிறவர் கஸ்தூரி. திருநின்றவூர் ஏரிப் பக்கம் தரைத்தளத்தில் வாடகை வீடு. அவருடைய அப்பா இடுப்பெலும்பு உடைந்து படுத்த படுக்கை. மழைக்காலம் வந்தால் கஸ்தூரி டீயை வைத்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்பார்: "இன்னா சார், காத்து மேல போவுதா, கீழ வருதா?"

அன்று கடலில் ஒரு தாழ்வு மண்டலம். வழக்கமாகப் பார்க்கிற கம்ப்யூட்டர் மாடலின் கணிப்பு வரவில்லை. கூட வேலை பார்க்கும் திவ்யா வேறொரு மாடலின் சார்ட்டை எடுத்துக் கொடுத்தார். ஆவடி, திருநின்றவூர் மேல் பிளஸ் எட்டு. சரி, இறக்கம், பெரிய மழை இல்லை என்று புல்லட்டின் எழுதிவிட்டேன்.

"சார், யூனிட் பார்த்துட்டீங்களா?" என்றார் திவ்யா.

"நீ பொறக்கறதுக்கு முன்னாடியே நான் ஒமேகா போட்டவன்மா. போய் வேலையப் பாரு."

அப்படித்தான் பேசுவேன். வாய்க்கொழுப்பு, வேறென்ன.

இரண்டு மணிக்கு கஸ்தூரி பையோடு வந்து நின்றார். "சார், கரீக்டா சொல்லு. மேல போச்சுன்னா நைனாவ மாடிக்கு ஏத்தணும். அதுக்கு நாலு ஆளு வோணும். பக்கத்தூட்டு பசங்க அஞ்சு மணிக்கு வேலைக்கு கெளம்பிடுவாங்கோ. தூக்குனா வலியில கத்துவாரு சார், சும்மானாச்சும் தூக்க மனசு வர்ல."

"கீழதான் வருது கஸ்தூரி. தூக்க வேணாம். நிம்மதியா போ."

3. நாலேகால்

நாலேகால் மணிக்கு சார்ட்டை மறுபடி எடுத்தேன். மூலையில் பொடி எழுத்தில் வினாடிக்கு சென்டிமீட்டர் என்று இருந்தது. ஐயோ! அது ஒமேகா இல்லை. காற்று ஏறி இறங்குகிற நேரடி வேகம். அதில் பிளஸ் என்றால் மேலேதான். எட்டு என்பது சாதாரண ஏற்றமும் இல்லை. முப்பத்தைந்து வருடப் பழக்கம் என் கண்ணைக் கட்டிவிட்டது.

பத்தே நிமிடத்தில் புல்லட்டினைத் திருத்தி எல்லாத் தொழிற்சாலைக்கும் அனுப்பினேன்.

கஸ்தூரியின் நம்பர் என் போனில் இருந்தது. எடுத்தேன், வைத்துவிட்டேன். மழை பிடிக்க இன்னும் நேரமிருக்கிறது, கொஞ்சம் பொறுத்துச் சொல்லலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் அது வெட்கம். பெரிய மேதாவி மாதிரி "நிம்மதியா போ" என்று அனுப்பிவிட்டு, டீ கொடுக்கிறவரிடம் "தப்பா சொல்லிட்டேன்" என்று சொல்ல நாக்கு எழவில்லை. கம்பெனிக்காரர்களுக்கு எழுத்தில் திருத்தம் அனுப்பிவிட்டேன், அதில் முகம் காட்ட வேண்டியதில்லை.

ஆறு மணிக்கு அடித்தேன். லைன் போகவில்லை. பக்கத்து வீட்டுப் பையன்கள் ஐந்துக்கே கிளம்பியிருந்தார்கள். மழை அதற்குள் பிடித்துக்கொண்டது.

வீட்டுக்குள் தண்ணீர் வந்து கட்டில் மட்டத்துக்கு ஏறிவிட்டது. தூக்க ஆள் கிடைக்கும்வரை கஸ்தூரி அப்பாவின் தலையை மடியில் தாங்கிக்கொண்டு தண்ணீரிலேயே உட்கார்ந்திருந்தாராம். பெரியவருக்கு நெஞ்சில் சளி கட்டியது. பதினோராம் நாள் போய்விட்டார்.

துக்கம் கேட்கப் போனேன். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுதான் போனேன். கஸ்தூரி முந்திக்கொண்டார். "நீ இன்னா சார் பண்ணுவ? காலைல ஒண்ணு சொல்லுது, சாய்ந்தரம் ஒண்ணு சொல்லுது இந்த வானம். அது பேச்சு மாறினா நீ இன்னா செய்வ?"

நான் தலையை ஆட்டினேன். பாவி, தலையைத்தான் ஆட்டினேன்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு இரண்டு விஷயம் சொல்வேன். எண்ணுக்கு முன்னால் யூனிட்டைப் பாருங்கள். தப்பு தெரிந்தால், வாயால் யாருக்குச் சொன்னீர்களோ அவருக்கு முதலில் போன் போடுங்கள், புல்லட்டின் அப்புறம் போகட்டும். இப்போது என் சார்ட்டில் பிளஸ், மைனஸ் இரண்டும் கிடையாது. 'மேலே', 'கீழே' என்று எழுத்தில்தான் எழுதுகிறேன். திவ்யா சிரிப்பார், சிரிக்கட்டும்.

கஸ்தூரி இப்போதும் டீயை வைத்துவிட்டுக் கேட்கிறார், மேல போவுதா, கீழ வருதா என்று. பார்த்து, திரும்பவும் பார்த்து, சொல்கிறேன். நாலேகால் மணிக்கே எனக்குத் தெரியும் என்பதை மட்டும் இன்னும் சொல்லவில்லை.