நண்டு உரித்துக் கொடுத்தவன்

விக்னேஸ்வரனின் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நிற்கப்போவது தான்தான் என்று மகேந்திரன் மூன்று மாதமாக நம்பிக்கொண்டிருந்தான். யாரும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் ஆயர் தாவார் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருப்பின் ஒரே லயத்தில், அடுத்தடுத்த வீட்டில் பிறந்தவர்கள் அவர்கள் இருவரும். ரப்பரை வெட்டி, எண்ணெய் எடுக்கும் செம்பனை நட்டு, குடும்பங்களை வெளியேற்றியபோது, இரண்டு வீடும் சிம்பாங் பூலாயில் ஒரே அடுக்குமாடிக்குத்தான் குடிவந்தன. அந்த லயத்திலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் ஆள் மகேந்திரன். பட்டமளிப்பு உடையில் அவன் நிற்கும் படம் வீட்டு முன்னறையில் தொங்குகிறது. அதற்குக் கீழே உட்கார்ந்துதான், இருபத்தேழு வயதில், நான்காவது தற்காலிக வேலைக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தான்.

தீபன் பள்ளியில் வந்து சேர்ந்த சிநேகிதம். பதினைந்து வயதில், மூன்றாம் படிவத்தோடு படிப்பை விட்டு, ஏர்கோன் என்னும் குளிர்சாதனம் பழுதுபார்க்கப் போனவன். இப்போது சொந்தமாக வேன் வைத்திருக்கிறான். வேனின் இரண்டு பக்கமும் அவன் பெயர் ஒரு முழ உயரத்துக்கு எழுதியிருக்கும். அந்த எழுத்தைப் பார்க்கும்போதெல்லாம் மகேந்திரனுக்கு வயிறு எரியும். எரிவது தவறு என்று தெரியும். தெரிந்தும் எரியும்.

முதல் கல்யாணப் பத்திரிகையைச் சாமிக்கு வைக்க வேண்டும். லூமுட்டுக்கு அப்பால் கடலோரத்தில் இருக்கும் அம்மன் கோயிலில் வைப்பதாக விக்னேஸ்வரனின் அம்மா வேண்டிக்கொண்டிருந்தார். கோயில் முடிந்ததும் கடல் உணவு என்று மூவரும் அந்த வேனில்தான் கிளம்பினார்கள். விக்னேஸ்வரன் தீபன் பக்கத்தில் ஏறிக்கொண்டான். மகேந்திரன் பின்னால், செப்புக் குழாய்ச் சுருள்களுக்கு நடுவே.

"தோழன் யாருன்னு முடிவு பண்ணிட்டியா?" என்று தீபன் கேட்டான்.

"சாமிக்குப் பத்திரிகை வச்சப்புறம்தான் சொல்லுவேன். அதுக்கு முந்தி வாயத் தொறக்காதன்னு அம்மா ஆர்டர்லா."

மகேந்திரன் காதைத் தீட்டிக்கொண்டான். சாமி முன்னால் தட்டு ஏந்தி நிற்பவன்தான் மணவறையிலும் நிற்பான் என்று அவனாகவே முடிவுகட்டினான்.

வழி சொல்லும் பொறுப்பையும் அவனே ஏற்றுக்கொண்டான். கைப்பேசி காட்டிய குறுக்குவழி, பூட்டிக் கிடந்த ஒரு செம்பனைத் தோட்டத்தின் கதவில் போய் முடிந்தது. திரும்பி வந்து கோயிலை அடைந்தபோது மணி பன்னிரண்டரை. நடை சாத்தியிருந்தது. ஐந்து மணிக்குத்தான் திறப்பார்களாம்.

"பரவால்லடா, படிச்சவன் காட்டுன வழி. கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும்," என்றான் தீபன். விக்னேஸ்வரன் விழுந்து விழுந்து சிரித்தான். மகேந்திரனும் சிரித்தான், பல் மட்டும்.

பக்கத்துச் சீனர் கடையில் உட்கார்ந்தார்கள். தீபன் கடைக்கார அம்மாளிடம் ஹொக்கியன் சீனத்தில் ஏதோ சொல்ல, அவள் அவன் தோளில் தட்டிச் சிரித்தாள். அதுவும் மகேந்திரனுக்கு உறுத்தியது.

"நான் பத்திரிகை வைக்கணும், சைவம்தான்," என்றான் விக்னேஸ்வரன்.

"நானும் சோறு, கீரையோட நிப்பாட்டிக்கிறேன். கவிச்சி சாப்பிட்டுட்டு உள்ள போக முடியாதுல்ல?" என்று தீபன் சொன்னான். சொல்லும்போதே அவன் கண் தொட்டியில் நகர்ந்த நண்டுகள் மேல் இருந்தது.

மகேந்திரன் அதைப் பார்த்துவிட்டான்.

"இவ்வளவு தூரம் வண்டி ஓட்டிட்டு வந்து கீரையா? நீ சாப்பிடு மச்சான். உள்ள நான் கூடப் போறேன். எனக்கு காலையிலேருந்து வயிறு சரியில்ல, எப்படியும் சாப்பிட முடியாது."

மிளகு போட்டுப் பிரட்டிய நண்டு வந்தது. தீபன் இன்னும் தயங்கினான். மகேந்திரன் ஒரு காலை உடைத்து, சதையை முழுசாக உருவி அவன் தட்டில் வைத்தான். பிறகு இன்னொன்று. கல்யாணமான அக்காகூடத் தம்பிக்கு அப்படி உரித்துக் கொடுத்திருக்க மாட்டாள்.

"என்னடா இன்னிக்கு இவ்வளவு பாசம்?" என்றான் விக்னேஸ்வரன்.

"சாப்பிடட்டும்லா, பாவம்."

பசியில் மகேந்திரனின் குடல் சுருண்டது. வெறும் சோற்றில் சோயா சாஸை ஊற்றிப் பிசைந்தான். தீபன் ஓடு ஓடாக ஒதுக்கி வைக்க, இவன் மனசு நிறைந்துகொண்டே போனது.

ஐந்து மணிக்கு நடை திறந்தது. தீபன் வாசலிலேயே நின்றுகொண்டான். மகேந்திரன் குழாயடியில் மூன்று தடவை கை கழுவி, தட்டை ஏந்தி உள்ளே போனான். பத்திரிகையின் நான்கு மூலையிலும் மஞ்சள். குருக்கள் தீபம் காட்டும்போது கண்களில் ஒற்றிக்கொள்ளக் கையை முகத்தருகே கொண்டுபோனான். நகக்கண்ணில் நண்டு வாடை அப்படியே இருந்தது. சட்டென்று கையை இறக்கிக்கொண்டான்.

பிரகாரம் சுற்றும்போது விக்னேஸ்வரன் அவன் தோளில் கை போட்டான். "மச்சான், உன்கிட்ட ஒன்னு கேக்கணும். மாட்டேன்னு சொல்லக் கூடாது."

"கேளுடா."

"கல்யாணத்துல நீதான் மைக் புடிக்கணும். பொண்ணு வீட்டுல, புனிதா பக்கம், எல்லாரும் படிச்சவங்க. தமிழ், மலாய், இங்கிலீஷ் மூணும் நம்மள்ல உனக்குத்தான் ஒழுங்கா வரும்."

மகேந்திரன் அவனைத் திரும்பிப் பார்த்தான். "அப்ப தோழன்?"

"தீபன்தான். அப்பா ஆஸ்பத்திரில இருந்தப்ப பதினோரு நாளும் அவன்தான கூடப் படுத்தான்? நீ வேற கேஎல்-ல இருந்த." ஒரு நேர்முகத் தேர்வுக்காகத்தான் மகேந்திரன் கோலாலம்பூர் போயிருந்தான். விக்னேஸ்வரனின் அப்பா தவறியதும் அங்கிருந்து அழகான ஓர் இரங்கல் செய்தி அனுப்பினான், எல்லாரும் பாராட்டினார்கள். "அவன்ட்ட இன்னும் சொல்லல. நீயே போய்ச் சொல்லு, சந்தோசப்படுவான். நான் குருக்களுக்குத் தட்சணை குடுத்துட்டு வாரேன்."

வெளியே தீபன் மூவரின் செருப்புகளுக்கும் காவலாக நின்றிருந்தான். "நீ அந்த நண்டச் சாப்பிடாமப் போனது பெரிய நட்டம்லா," என்றான். "திருநீறு கொண்டாந்தியா? என் கை ஒரே கவிச்சி, நீயே வச்சு விடு."

தன் விரலும் அப்படித்தான் இருக்கிறது என்று மகேந்திரன் சொல்லவில்லை. தீபன் கண்ணை மூடி நெற்றியைக் காட்டினான்.

"விக்கி சொல்லிட்டானா, தோழன் யாருன்னு?"

"சொல்லிட்டான்."

தீபன் கண்ணைத் திறக்காமலே சொன்னான்: "வாழ்த்துகள் மச்சான். நீயாத்தான் இருப்பன்னு நெனச்சேன்."

ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம், அது அப்படியே இருக்கட்டும் என்று மகேந்திரனுக்குத் தோன்றியது. பிறகு கட்டைவிரலைத் தீபனின் நெற்றியில் அழுத்தி இழுத்தான்.

"நீதான்லா தோழன். நான் மைக்."

திரும்பும் வழியில் அவன் மறுபடியும் செப்புக் குழாய்களுக்கு நடுவே உட்கார்ந்து, கைப்பேசியில் வரவேற்புரை எழுத ஆரம்பித்தான். மாப்பிள்ளை பெயர் வந்தது, பெண் பெயர் வந்தது. அடுத்து வரும் தோழனின் பெயரை மூன்று மொழியிலும் அவன்தான் கூப்பிட வேண்டும். ஆயர் தாவார் தாண்டியும் அந்த வரி காலியாகவே இருந்தது. முன்னால் இருவரும் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள்.