வாசல் பெட்டியும் வாய்க்கு வராத பேரும்

அந்தப் பெட்டியைக் கம்பெனி வாசலில் மாட்டிய நாளிலிருந்து எனக்கு நிம்மதி போயிற்று. அதற்கு முன்னாலும் நான் ஓரிடத்தில் பொறுமையாக உட்காருகிறவள் இல்லை. ஆனால் பெட்டி வந்த பிறகு நாற்காலியில் முள்ளை வைத்த மாதிரிதான்.

எழுபதுகளின் நடுவில், கும்மிடிப்பூண்டியில் தகரத்தை வெட்டி வளைத்துப் பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில் நான் டெலிபோன் ஆபரேட்டர். என் வீட்டுக்காரர் அதே கம்பெனியில் பிரஸ் ஷாப்பில் ஃபிட்டர். ஆரம்பாக்கத்திலிருந்து காலை வண்டியில் இரண்டு பேரும் சேர்ந்தே வருவோம். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஆனாலும் கேட்டைத் தாண்டி உள்ளே போய்விட்டால் அவர் யாரோ, நான் யாரோ.

என் முன்னால் மரத்தில் செய்த போர்டு. அதில் வரிசையாகச் சின்னச் சின்ன மூடிகள். ஆபீஸில் யாராவது ரிசீவரை எடுத்தால் அவர்கள் நம்பருக்கு உரிய மூடி டக்கென்று விழும். நான் வயரைச் செருகி, "நம்பர் ப்ளீஸ்" என்பேன். பக்கத்தில் ஒரு மைக். பிரஸ் ஷாப்பில் மெஷின்கள் ஓடும்போது டெலிபோன் மணி எவன் காதிலும் விழாது. அதனால் கூரையில் கொம்பு ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள். யாருக்காவது போன் வந்தால் நான் மைக்கில் பேரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். அந்த இரைச்சலில் வேறு எதைச் சொன்னாலும் விளங்காது. மனுஷனுக்கு அவனவன் பேர் மட்டும் எப்படியோ காதில் விழுந்துவிடும்.

"ஊருல கீற ஆம்பளைங்க பேரெல்லாம் மைக்குல கூவுறா எம் மருமவ" என்று மாமியார் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். பெருமைக்குச் சொன்னாரா, குத்தலுக்குச் சொன்னாரா, எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் நான் கூவாத பேர் ஒன்று இருந்தது. கட்டினவன் பேரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்பது எங்கள் பக்கத்துப் பேச்சு. எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது என்றுதான் எல்லோரிடமும் வாய் கிழியப் பேசுவேன். ஆனால் அந்தப் பேர் மட்டும் வாயில் வரவே வராது. அவருக்குப் போன் வந்தால் அடுத்த அறை டைப்பிஸ்ட்டைக் கூப்பிட்டு, "இத நீயே சொல்லிடுப்பா" என்று மைக்கைத் தள்ளிவிடுவேன். டைப்பிஸ்ட் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

வாசலில் முன்பு ஒரு கேட்காரர் இருந்தார். பழவேற்காடு பக்கத்து மீனவர்; கடலில் காற்றுக்கு எதிரே கத்திப் பழகிய குரல். சாப்பாட்டுக் கேரியரோடு எந்தப் பெண் வந்தாலும் முகத்தைப் பார்த்தே எந்த ஷாப் ஆளின் வீடு என்று கண்டு, "ஏய் பெயிண்டு! உன் ஊட்ல வந்துக்கீது!" என்று அங்கிருந்தே குரல் கொடுப்பார். அது மானேஜருக்குப் பிடிக்கவில்லை. பம்பாயில் எந்த ஆபீஸிலோ வாசலில் பேசுகிற பெட்டியைப் பார்த்துவிட்டு வந்தவர், "இது என்ன மீன் மார்க்கெட்டா?" என்று கேட்டுவிட்டுக் கேட்காரரைப் பின்பக்க லாரி கேட்டுக்கு மாற்றினார். முன்வாசலுக்குப் பூட்டு. அடுத்த வாரமே மெட்ராஸிலிருந்து இரண்டு ஆட்கள் பெட்டியோடு வந்து இறங்கினார்கள்.

அந்த இரண்டு பேரும் என்னைப் படுத்திய பாடு இருக்கிறதே! வாசலிலிருந்து ஆபீஸ்வரை பள்ளம் தோண்டி வயர் போட்டார்கள். போர்டில் சும்மா கிடந்த ஒரு நம்பரைக் கதவுக்கென்று ஒதுக்கினார்கள். வெளியே வருகிறவர்கள் பட்டனை அழுத்தினால் அந்த மூடி விழும், கூடவே வண்டு மாதிரி ஒரு பஸ்ஸர் கத்தும். மாட்டி முடித்துப் பேசிப் பார்த்தால் ஒரே உய்ங்கென்ற இரைச்சல். கரண்டு வயர் போகிற பள்ளத்திலேயே இதையும் போட்டிருக்கிறார்கள், மகாராசன்கள்! திரும்பவும் தோண்டி, மழைத்தண்ணீர்க் கால்வாய்க்கு அந்தப் பக்கமாக வயரைக் கொண்டுபோனார்கள். அது முடிகிறவரை என் காதில் "ஹலோ, ஹலோ, கேக்குதா மேடம்?" என்பதைத் தவிர வேறு ஒன்றும் விழவில்லை.

பெட்டிக்கு ஒரே ஸ்பீக்கர். அதுவேதான் வாய், அதுவேதான் காது. நான் இங்கே விசையை அழுத்தினால் என் குரல் அங்கே போகும். விட்டால் அவர்கள் குரல் இங்கே வரும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேச முடியாது. நம் ஆட்களிடம் நடக்கிற காரியமா இது?

"யார் வந்திருக்காங்க, யாரைப் பார்க்கணும், எந்த செக்‌ஷன். மூணையும் கேக்கணும். பேர் சொல்லலைன்னா திருப்பி அனுப்பிடணும்" என்றார் மானேஜர். தலையை ஆட்டினேன். முதல் நாளே பஸ்ஸர் கத்தியது.

"யாரு?"

"நான்தான்."

"நான்தான்னா?"

"அட, நான்தாம்மா!"

கதவைத் தட்டினால் உள்ளேயிருந்து யாரு என்பார்கள், வெளியேயிருந்து நான்தான் என்போம். அப்படித்தானே பிறந்ததிலிருந்து பழக்கம்? டீக்கடைக்காரர் வந்தாலும் நான்தான், தபால்காரர் வந்தாலும் நான்தான், திருவள்ளூரிலிருந்து வந்த பெரிய அதிகாரிகூட நான்தான். எனக்கு மண்டை வெடித்தது.

அதைவிடப் பேஜாரு சாப்பாடு கொண்டுவருகிற பெண்கள். யாரைப் பார்க்கணும் என்றால் புருஷன் பேரைச் சொல்ல மாட்டார்கள். முதல் இரண்டு நாள் கேரியரோடு வெயிலில் நின்றுவிட்டுத் திரும்பிப் போனார்கள். உள்ளே ஆண்கள் பட்டினி. அப்புறம் அவர்களாகவே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஜோடி ஜோடியாக வர ஆரம்பித்தார்கள். இவள் புருஷன் பேரை அவள் சொல்வாள், அவள் புருஷன் பேரை இவள் சொல்வாள். அடி சக்கை என்று நினைத்துக்கொண்டேன். நானும் டைப்பிஸ்ட்டை வைத்து அதையேதான் செய்துகொண்டிருந்தேன், வேறென்ன?

ஆடி மாதத்தில் ஒரு மத்தியானம். டைப்பிஸ்ட் அம்மனுக்குக் கூழ் ஊற்ற லீவு. மானேஜர் திருவள்ளூருக்குப் போயிருந்தார். போகும்போது, "பம்பாய் ட்ரங்க் கால் வரும். என்ன ஆனாலும் போர்டை விட்டு எழுந்திருக்காதே" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆபீஸில் நான் ஒருத்திதான். வெளியே பேய்க்காற்று, பெட்டிக்குள் காற்று புகுந்து சும்மாவே சீறிக்கொண்டிருந்தது. பஸ்ஸர் கத்தியது. விட்டு விட்டு இல்லை, ஒரேயடியாக.

"யாரு?"

"நான்தான்க்கா."

"நான்தான்னா யாரும்மா? யாரைப் பாக்கணும்?"

வளையல் சத்தம் மட்டும் வந்தது. நான் திரும்பக் கேட்டேன். திரும்பவும் வளையல் சத்தம். அப்போதுதான் புரிந்தது. அந்தப் பெண் பெட்டிக்கு முன்னால் நின்று கையால் ஜாடை காட்டிக்கொண்டிருக்கிறாள்! பெட்டிக்கு ஏது கண்?

"கை காட்னா எனக்குத் தெரியாதும்மா. வாயத் தொறந்து சொல்லு."

"எங்க ஊட்டுக்காரரப் பாக்கணும்க்கா. பிரஸ்ல வேல செய்றாரு. கொயந்தைக்கு இழுப்பு வந்துட்ச்சிக்கா. ஒடனே மெட்ராஸ் பெரியாஸ்பத்திரிக்கு எட்துக்கினு போன்னு சொல்லிட்டாரு டாக்டரு. ரயிலு வண்டி வந்துரும்க்கா. எனக்கு ஒண்டியா போவத் தெரியாதுக்கா."

அவள் குரலுக்குப் பின்னால் இன்னொரு சத்தம் கேட்டது. குழந்தையின் மூச்சு, தொண்டையில் ஏதோ அடைத்துக்கொண்ட மாதிரி.

"பேரு இன்னா, அவரு பேரு?"

மறுபடியும் வளையல்தான் குலுங்கியது.

"ஏ பொண்ணே! கொயந்த இப்டி கெடக்குது, பேரச் சொன்னா வாயி வெந்துடுமா? சொல்லு!"

"மாட்டேன்க்கா" என்று அழுதாள். "இத்தும் இப்டி கெடக்குது. பேரச் சொல்லி அவுருக்கும் எதனா ஆயிட்ச்சின்னா நான் இன்னாக்கா பண்ணுவேன்?"

அதற்கு மேல் அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

பிரஸ் ஷாப் ஃபோர்மேனுக்கு மணி அடித்தேன், அடித்துக்கொண்டே இருந்தது. மைக்கைப் பிடித்து, "பிரஸ் ஷாப்ல யாரோட குழந்தைக்கோ உடம்பு சரியில்லை, வாசலுக்கு வாங்க" என்று தொண்டை கிழியக் கத்தினேன். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஒரு ஈ காக்கை வெளியே வரவில்லை. பேர் வேண்டும். பேர் இல்லாமல் அந்த இரைச்சலுக்குள் யாரையும் தொட முடியாது.

"பக்கத்துல வேற பொம்பளைங்க யாராச்சும் கீறாங்களா?"

"யாருமே இல்லக்கா. வண்டி வந்துரும்க்கா…"

எழுந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன். அப்போதுதான் ஒன்று தோன்றியது. அவள் ஏன் சொல்ல வேண்டும்? நான் சொல்கிறேன்.

"இதோ பாரு. பிரஸ்ல கீறவங்க பேரெல்லாம் ஒண்ணொண்ணா நான் சொல்றேன். உன் ஊட்டுக்காரர் பேரு வந்தா உம்முன்னு சொல்லு, அது போதும்."

சொல்ல ஆரம்பித்தேன். விசையை அழுத்தி ஒரு பேர், விட்டுவிட்டு அவள் பதில். முருகன் பேர்களைச் சொன்னேன். "இல்லக்கா." பெருமாள் பேர்களைச் சொன்னேன். "இல்லக்கா." சர்ச்சுக்குப் போகிற வேதக்காரர்களின் பேர்களைச் சொன்னேன். "இல்லக்கா." அம்மன் பேர் வைத்த ஆண்கள், நைனா என்று முடிகிற ஆந்திரா எல்லைப்பக்கத்து ஆட்கள், ஷிஃப்டில் இல்லாதவர்கள்கூட. ஒவ்வொரு தடவை விசையை விடும்போதும் அந்தக் குழந்தையின் மூச்சு கேட்டது. எனக்குத் தெரிந்த பேரெல்லாம் தீர்ந்துபோயிற்று.

"புதுசா சேந்தாரா?"

"போன மாசந்தான்க்கா."

புதிதாக வந்தவர்களில் எனக்குத் தெரிந்த பேர்களையும் சொல்லிப் பார்த்தேன். இல்லை. எல்லாம் சொல்லியாகிவிட்டதே என்று நினைத்தேன். எல்லாம் சொல்லவில்லை. ஒன்றை விட்டிருந்தேன். படுத்திருப்பவரைத் தாண்டக்கூடாது என்று சுற்றிப் போவோமே, அப்படி அந்த ஒரு பேரை மட்டும் ஒவ்வொரு தரமும் சுற்றிக்கொண்டு போயிருந்தேன். எங்கள் பக்கத்தில் தெருவுக்கு ஒருத்தருக்கு இருக்கிற பேர் அது.

விசையை அழுத்தினேன். சொன்னேன். எனக்கே கேட்கவில்லை.

"கேக்கலக்கா! காத்தடிக்குது, கேக்கல!"

அடப் பாவமே, இரண்டாம் தரமுமா! கண்ணை மூடிக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து சத்தமாகச் சொன்னேன். விசையை விட்டேன்.

"அதான்க்கா! அதான்! அவுருதான்க்கா!"

பிறகு என்ன இருக்கிறது? மைக்கை இழுத்து வைத்துக்கொண்டு அந்தப் பேரைத் திரும்பத் திரும்பச் சொல்லி, வாசலுக்கு வா, வாசலுக்கு வா என்று கத்தினேன். கும்மிடிப்பூண்டிக்கே கேட்டிருக்கும். பிரஸ் ஷாப்பிலிருந்து எண்ணெய்ச் சட்டையோடு ஓர் இளவட்டம் ஓடிவந்தான். சாவி வரும்வரை நிற்கவில்லை. கேட்டின் மேல் ஏறி அந்தப் பக்கம் குதித்தான். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அவன் முன்னால் ஓட, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவள் பின்னால் ஓட, இரண்டு பேரும் ஸ்டேஷன் பக்கம் மறைந்தார்கள்.

ஜன்னலிலிருந்து திரும்பினேன். அறை வாசலில் என் வீட்டுக்காரர் நின்றிருந்தார். மூச்சு வாங்கியது. கையெல்லாம் கிரீஸ், முகத்தில் ரத்தமே இல்லை.

"உனுக்கு இன்னா ஆச்சி?" என்றார்.

"எனக்கு ஒண்ணும் இல்லீங்க. அது வேற ஒருத்தருங்க. அவருக்கும் அதே…"

அவர் காதில் அது விழுந்ததாகவே தெரியவில்லை. என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். "நீ பேரு சொல்லி நான் கேட்டதே இல்லியே. உசுரு போற நேரத்துலதான் சொல்லுவியோ இன்னாவோன்னு ஓடியாந்தேன்" என்று சொல்லிக் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அந்த நேரம் பார்த்தா ட்ரங்க் கால் மூடி விழ வேண்டும்? பம்பாய்க்காரரிடம் விக்கி விக்கிப் பேசினேன்.

அதற்கப்புறம் வந்த நாட்களை நினைத்தால் இப்போதும் உடம்பு பதறுகிறது. அந்தப் பையன் வேலைக்கு வரவில்லை. குழந்தை என்ன ஆயிற்று என்று யாருக்கும் தெரியவில்லை. பஸ்ஸர் கத்தும்போதெல்லாம் அவளோ என்று விசைக்குப் பாய்ந்தேன். அது போதாதென்று, எனக்கு நம்பிக்கையில்லை என்று வாய் கிழியப் பேசினவள், என் வீட்டுக்காரர் ரயில் படியில் நின்றால் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்தேன். மெஷினில் கையை விடாதீங்க, கெணத்தாண்ட போகாதீங்க என்று அவரைப் பிடுங்கியெடுத்தேன். "இன்னாமே, என்னைக் கொயந்தைன்னு நெனச்சிக்கினியா?" என்று அவர் சலித்துக்கொண்டார்.

பிறகு ஒருநாள் சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் பஸ்ஸர் கத்தியது. நின்றது, மறுபடி கத்தியது, மறுபடி நின்றது. யாரோ பட்டனோடு விளையாடுகிற மாதிரி.

"யாரு?" என்றேன் எரிச்சலோடு.

"நான்தான்க்கா."

வளையல் சத்தம். அதோடு, பெட்டியில் வாயை வைத்துக் கத்துகிற ஒரு குழந்தையின் குரல்.

"இத்துதான்க்கா பட்டனப் புட்சி அமுக்குது, உட மாட்டேங்குது" என்றாள் அவள், சிரித்துக்கொண்டே. "அவுரு காலீலயே வேலைக்கு வந்துட்டாரு. சாப்பாடு எட்தாந்தேன்."

யாரைப் பார்க்கணும் என்று நான் கேட்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு மைக்கை எடுத்து, அந்தப் பேரைச் சொன்னேன். இந்தத் தடவை குரல் நடுங்கவில்லை. உடனே போர்டில் பிரஸ் ஷாப் மூடி டக்கென்று விழுந்தது. வயரைச் செருகினேன்.

மெஷின் இரைச்சலுக்கு நடுவே என் வீட்டுக்காரர் கத்தினார்: "இந்தத் தபா எந்த ஆளுமே? அவனா, நானா?"