கூண்டு ஏறினால் அம்மா கடைக்குப் போவாள்

மழை பெய்தால் வீட்டுக்குள் இருப்பது நாங்கள் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்த பழக்கம். ஆட்டுரலையும் பித்தளைக் குடத்தையும் போல அதையும் போர்ட் பிளேரின் ஹேடோ துறைமுகத்தில் பத்திரமாக இறக்கினோம். திருநெல்வேலிப் பக்கம் தேரிக்காட்டு ஓரத்து ஆட்கள் நாங்கள். செம்மண்ணில் நாலு துளி விழுந்தால் கைவேலையைப் போட்டுவிட்டு வாசலில் நின்று பார்க்கிறவர்கள். அங்கே முதல் மழைக்காலம் பிடித்தபோது, எங்களோடு வந்திருந்த அப்பாவின் அக்கா, "விட்டதும் போவோம்" என்று கடைப் பையைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மழை விடவில்லை. அத்தையும் விடவில்லை. அரிசி தீர்ந்தது. உப்பு தண்ணீராகி ஓடியது. தீக்குச்சியை உரசினால் மருந்து மட்டும் கழன்று வந்தது. கடைசியில் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் வங்காளத்து அம்மாள் கொட்டுகிற மழையில் ஒரு சட்டிச் சோற்றை முந்தானையால் மூடிக்கொண்டு வந்து வைத்து, வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்று இந்தியில் கேட்டாள். அத்தை பதிலுக்கு மேலே கையைக் காட்டினாள். அந்த அம்மாள் அண்ணாந்து பார்த்தாள். எங்கள் வீட்டுக் கூரையில் ஏதோ உடைந்திருக்கிறது என்று நினைத்திருக்க வேண்டும்.

அன்றைக்கு அப்பா சட்டம் போட்டார். "மழைன்னு உக்காந்தா இந்த ஊர்ல பாதி வருசம் பட்டினிதான். பையத் தூக்கிட்டுப் போங்க."

போனோம். போனால் ஊரே வெளியில் இருந்தது. சாக்கை மடித்துத் தலையில் கொங்காணி போட்ட கூலியாட்கள் மரக்கட்டை சுமந்துகொண்டிருந்தார்கள். கூடைக்குள் மீனும் மழையும் சரிபாதியாகக் கிடக்க, மீன்காரர் வழக்கமான ராகத்தில் கூவிக்கொண்டு போனார். ஜங்லிகாட் கடைத்தெருவில் ஒரு கடைகூடப் பலகை போட்டு அடைக்கவில்லை. நனைந்தவர்கள் நனைந்தவர்களிடம் விலை கேட்டார்கள். மழை அங்கே எதற்கும் காரணம் ஆகாது. தென்னையைப் போல, இந்தியைப் போல, அதுவும் அது பாட்டுக்கு இருந்தது.

ஆனால் அம்மா விஷயம் வேறு. அம்மா மழைக்குப் பயந்தவள் இல்லை. மழைக்குக் காத்திருந்தவள்.

வெயில் அடிக்கும் நாளில் அத்தை எதற்குக் கூப்பிட்டாலும் வரமாட்டாள். "தலையிடிக்கி, மதினி. இந்த வெயிலு எனக்கு ஆகல" என்பாள். தேரியில் செருப்பில்லாமல் நடந்து வளர்ந்தவளுக்குத் தீவின் ஈர வெயில் ஆகவில்லையாம். அத்தைக்கு மூக்கில் வியர்த்தது. அதே அம்மா, காற்று தென்னைகளின் தலைமயிரைப் பிடித்து ஆட்டுகிற நாளில், குடை தன் எலும்புகளைத் தானே உடைத்துக்கொள்கிற நாளில், "பெருங்காயம் வாங்கிட்டு வந்துருதேன்" என்று புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கிளம்புவாள். அஞ்சறைப்பெட்டியில் பெருங்காயம் இருந்தது. நான் திறந்து பார்த்திருந்தேன். திறந்து பார்ப்பதே அப்போது என் வேலை. மூன்றாம் வகுப்புப் படித்தேன், யாரையும் நம்புவதில்லை.

நம்பாததற்குக் காரணம் இருந்தது. காடு வெட்டிக் குடியேறக் கப்பல் கப்பலாக ஆட்கள் இறங்கிய அந்த வருடங்களில், அதே கப்பலில் ஒன்றிரண்டு பேர் சத்தமில்லாமல் ஏறிப் போனதும் உண்டு. எங்களுக்குக் கீழ்வரிசையில் இருந்த தெலுங்கு அம்மா, ஊரில் கல்யாணம் என்று போனவள், திரும்பவில்லை. அவள் பையன் என் வகுப்பில்தான் இருந்தான். பித்தான் இல்லாத சட்டையைக் கையால் பிடித்துக்கொண்டே எழுதுவான். மத்தியானம் ஒவ்வொரு நாள் ஒவ்வொரு வீட்டில் சாப்பிடுவான். அம்மாவும், சமையலறையில் பூரான் ஓடினாலோ, கூரை ஒழுகிப் பாய் நனைந்தாலோ, அப்பாவைப் பார்த்து, "அடுத்த கப்பல்ல ஏறிப் போயிருதேன், இருந்து பாருங்க" என்பாள். எல்லா வீட்டிலும் சொல்வதுதான். ஆனால் அந்தப் பையனின் சட்டையைப் பார்த்த பிறகு, அந்த வார்த்தையைக் கேட்டால் எனக்குச் சோறு இறங்காது.

ஆகவே கவனித்தேன். எங்கள் குவார்ட்டர்ஸ் சரிவில் இருந்தது. அடுப்பங்கரை ஜன்னலைத் திறந்தால் துறைமுகம். மெட்ராஸ் கப்பல் வந்து நின்றால் அந்த ஜன்னல் முழுக்க அதுதான். பக்கத்திலேயே கொடிக்கம்பம். புயல் வரும் நாளில் அதில் கறுப்பாகக் கூண்டு ஏற்றுவார்கள்; ஏற்றினால் எந்தக் கப்பலும் துறையை விட்டுக் கிளம்பாது. அம்மா காலையில் பால் காய்ச்சும்போது வானத்தைப் பார்ப்பதில்லை. கம்பத்தைப் பார்த்தாள். வெறும் மழை என்றால் வீட்டிலேயே இருந்தாள். கப்பலும் நின்று கூண்டும் ஏறினால், பெருங்காயம் தீர்ந்துவிடும்.

கண்டுபிடித்ததை அத்தையிடம் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம். அத்தை வெற்றிலையை மெல்வதை நிறுத்தினாள்.

"கம்பத்துல ஏத்தினதும் போறாளா?"

"ஆமா."

"எவனோ கப்பக்காரன், ஏத்திக் காட்டிக் கூப்பிடுதான்" என்றாள் அத்தை. கூண்டு ஊருக்கெல்லாம் ஏற்றுவது என்று சொன்னேன். "அதுல என்ன? ஊருக்கு ஏத்துன மாரியும் ஆச்சு, இவளுக்குக் காட்டுன மாரியும் ஆச்சு. அடுத்த மட்டம் நீ கூடப் போ. யாருட்ட பேசுதா, என்ன பேசுதா, வந்து எங்கிட்ட சொல்லணும், என்ன?"

அத்தையின் சந்தேகம் ஒரு ஆள். என் சந்தேகம் ஒரு கப்பல். இரண்டும் ஒரே பாதையில் போனதால் ஒப்புக்கொண்டேன்.

அடுத்த கூண்டு ஏற அதிக நாள் ஆகவில்லை. காலையிலிருந்தே கடல் சாம்பல் பூசிக்கொண்டு குமுறியது. பள்ளிக்கூடம் இருந்தது, அதற்கும் மழை காரணம் இல்லை. வயிற்றுவலி என்று நின்றுவிட்டேன். "நானும் வாரேன்" என்றபோது அம்மா மறுக்கவில்லை. அதுவே சந்தேகமாக இருந்தது. மறைக்க வேண்டியதை மறைக்காமல் இருப்பதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும்!

ஜங்லிகாட் வரை காற்று எங்களைத் தள்ளிக்கொண்டே போனது. எங்கள் ஊர்ப் பக்கத்துக் கடைக்காரர் பாய், அம்மாவைப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

"வாங்க தங்கச்சி. பெருங்காயம்தானே?"

"எப்படி பாய் தெரியும்?"

"கூண்டு ஏத்தியிருக்கே! உங்க வீட்டு ரசம் புயலுக்குப் புயல்தான் கொதிக்குது போல."

அம்மாவும் சிரித்தாள். வீட்டில் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. பொட்டலத்தை இடுப்பில் செருகிக்கொண்டவள் வந்த வழியில் ஏறவில்லை. கீழே, துறைமுகச் சாலையில் திரும்பினாள். பெருங்காயம் இடுப்பில் இருக்க, வீடு மேலே இருக்க, கீழே ஏன் போகிறாள்? நான் கேட்கவில்லை. உளவாளி கேட்பதில்லை.

துறை வெறிச்சோடிக் கிடந்தது. பாரந்தூக்கிகள் கழுத்தைத் தொங்கப்போட்டு நின்றன. பாதி இறக்கிய மூட்டைகள் தார்ப்பாய்க்குள் பதுங்கியிருந்தன. கப்பல், மழைத் திரைக்குப் பின்னால், வெள்ளையாக, மூச்சு விடுவது போல ஏறி இறங்கியது. கேட்டில் காக்கி மழைக்கோட்டுப் போட்ட காவல்காரர் அம்மாவைத் தெரிந்தவர் போல நகர்ந்து வழிவிட்டார். அம்மா தன் உடைந்த இந்தியில், கப்பல் இன்றைக்குப் போகுமா என்று கேட்டாள்.

"பாயீ சாப், ஜஹாஸ் ஆஜ் ஜாயேகா?"

"ஆஜ் நஹீ ஜாயேகா, பெஹன்ஜி. கல் பீ நஹீ." இன்றைக்கும் இல்லை, நாளைக்கும் இல்லை என்று கையை விசிறிக் காட்டினார்.

அம்மாவின் முகத்தை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். போக நினைக்கிறவள் அதைக் கேட்டு வாட வேண்டும். அம்மாவின் தோள் தளர்ந்தது; நெற்றி விரிந்தது; காய்ச்சல் விட்டவள் மாதிரி மூச்சு விட்டாள். குடையை மடக்கிவிட்டு மழையில் நடந்து, கப்பலைக் கட்டியிருந்த வடத்தின் பக்கம் போனாள். என் இடுப்புப் பருமன் இருக்கும் அந்த வடம். கப்பல் ஒவ்வொரு தடவை விலகப் பார்க்கும்போதும் அது விறைத்து முனகியது. தண்ணீரைப் பிழிந்து சொட்டியது. அம்மா அதன் மேல் உள்ளங்கையை வைத்தாள். மாட்டின் கழுத்தைத் தடவுகிற மாதிரி தடவினாள். மேலே ஏறும் படிக்கட்டு நாலெட்டில் இருந்தது.

ஓடிப்போய் அம்மாவை ஒட்டி நின்றேன். அவள் முந்தானையை எடுத்து என் மணிக்கட்டில் சுற்றினேன், ஒரு சுற்று, இன்னொரு சுற்று.

"என்னட்டி, இந்த இழுப்பு இழுக்கே?"

"அம்மா, நீ கப்பல்ல போயிருவியா?"

அம்மா என்னைப் பார்த்தாள். மழை அவள் இமையிலிருந்து மூக்குக்கு, மூக்கிலிருந்து உதட்டுக்கு இறங்கியது.

"இன்னைக்கி எப்படிப் போக? கூண்டுல்லா ஏத்தியிருக்கு" என்றாள்.

இன்னைக்கி. அந்தச் சொல்லைத் தூக்கிக்கொண்டு வீடு வந்தேன். அப்படியென்றால் வேறொரு நாள். வழியில் அம்மா வறுத்த கடலை வாங்கித் தந்தாள்; லஞ்சம் என்று தெரிந்தே தின்றேன்.

அத்தையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கப்பல் போகாது என்றதும் அம்மா முகம் தெளிந்ததைச் சொன்னதுதான் பெரிய வினையாகிவிட்டது. "பாத்தியா! அவன் போகலன்னதும் இவளுக்கு மலர்ச்சி" என்று அத்தை தொடையில் தட்டிக்கொண்டாள். சாயங்காலம் அப்பா சாப்பிட உட்கார்ந்தபோது, அம்மா கொல்லைப்புறத்தில் இருந்த நேரம் பார்த்து, அத்தை ஒன்றுக்கு இரண்டாக அடுக்கினாள். துறைமுக ஸ்டோரில் வேலை பார்க்கும் தம்பிக்கு மூக்குக்குக் கீழே நடப்பது தெரியவில்லையே என்று முடித்தாள்.

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். தட்டு பறக்கும் என்று நான் சுவரோடு ஒண்டினேன். கையை உதறிவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"எனக்குத் தெரியும்க்கா. கேட்டுல நிக்க ஆளு எங்கிட்டதான் சொல்லுவான்."

"தெரிஞ்சுமா சும்மா இருக்கே?"

"கப்பல் போக முடியாத நாளாப் பாத்துத் துறைக்குப் போறவள எதுக்குப் போட்டு நோண்டணும்? குழம்ப ஊத்து."

அத்தைக்கு அது விளங்கவில்லை. அம்மா தம்பிக்கு வசிய மருந்து வைத்துவிட்டாள் என்று என் காதில் முணுமுணுத்தாள். எனக்கும் விளங்கவில்லை. அப்பாவையும் சந்தேகப் பட்டியலில் சேர்த்துக்கொண்டேன்.

புயல் எங்கேயோ திரும்பிப் போயிற்று. கூண்டு இறங்கியது. வானம் கழுவிக் கவிழ்த்த பாத்திரமாகப் பளபளத்த ஒரு காலையில், வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தபோது கப்பல் ஊதியது. கிளம்பப் போகிறேன் என்கிற ஊதல். என் முன்னால் அந்தத் தெலுங்குப் பையன் சட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். டீச்சரிடம் விரலைக் காட்டிவிட்டு வெளியே வந்து ஓடினேன். சரிவு முழுக்கச் சேறு. ஒரு செருப்பு அங்கேயே போயிற்று. ஊரில் பாதிப் பேர் கப்பலை அனுப்பத் துறைக்கு இறங்கிக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேருக்கும் எதிராக நான் மேலே ஏறினேன். ஒவ்வொரு புடவையையும் பார்த்தேன், அம்மாவின் புடவையா என்று.

வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. தள்ளினேன்.

அம்மா இருந்தாள். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து உளுந்து ஆட்டிக்கொண்டிருந்தாள். மாவு எப்போதோ ஆகிவிட்டது. பொங்கிப் பொங்கி உரலின் விளிம்பைத் தாண்டித் தரையில் வழிந்தது. அவள் கை நிற்கவில்லை. குழவி கடகடவென்று சுற்றியது. முகத்தில் வியர்வை, அல்லது நான் வியர்வை என்று நினைத்தது.

"ஏட்டி, அந்த ஜன்னலச் சாத்து. வெயிலடிக்கி."

அந்த ஜன்னலில் காலை வெயில் விழாது. எனக்குத் தெரியும். சாத்தினேன். கடைசியாகத் தெரிந்தது கப்பலின் பின்பக்கம், மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது. மறுபடி ஊதியது. குழவி வேகமாகச் சுற்றியது.

நான் முடிவு செய்துவிட்டேன். இவள் இன்றைக்குக் கிளம்ப இருந்தாள். நான் வந்ததால் மாட்டிக்கொண்டாள். கதவின் தாழ்ப்பாளைப் போட்டேன். போதாது என்று தோன்றியது. கதவில் முதுகை வைத்து, காலை நீட்டி உட்கார்ந்தேன். வேண்டுமானால் என்னைத் தாண்டிப் போகட்டும். கப்பலின் சத்தம் தேய்ந்து, தேய்ந்து, காதுக்குள் மட்டும் மிஞ்சும்வரை அசையவில்லை.

அம்மா ஒரு தடவை நிமிர்ந்தாள். தாழ்ப்பாளைப் பார்த்தாள், சேற்றுக் காலைப் பார்த்தாள், கதவோடு ஒட்டியிருந்த என்னைப் பார்த்தாள். திட்டவில்லை. பள்ளிக்கூடம் என்னாயிற்று என்று கேட்கவில்லை.

"நல்லா சாஞ்சு உக்காரு" என்றாள்.

கைதி காவல்காரியிடம் சொல்லுகிற பேச்சா இது? இதிலும் ஏதோ தந்திரம் இருக்கிறது என்று சந்தேகப்பட்டு, இன்னும் கொஞ்சம் அழுத்திச் சாய்ந்துகொண்டேன்.