காயாத அறை

சந்தியோகு ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். ஆனாலும் ஊர்காவற்றுறையில் ஐஸ் அடிக்கும் மெசினிலிருந்து பாதர் வீட்டுப் பிரிட்ஜ் வரை, அவர் கை படாமல் குளிர்ந்த சாமான் ஒன்றுமில்லை. பாழ்ங்கிணறு ஒன்றை இறைத்தபோது கிடைத்த எலும்புகளை ஆராயத் தீவில் ஓர் அறை போட்டார்கள். அதைக் குளிர வைக்கவும் அவரைத்தான் தேடி வந்தார்கள். வேறு யாரைத் தேடுவார்கள்?

குளிர் இருபது பாகையில் நிற்க வேண்டும். ஈரப்பதம் ஐம்பதைத் தாண்டக் கூடாது. தாண்டினால் எலும்பில் பூஞ்சணம் பிடிக்கும்.

"என்ரை அறைக்குள்ளை பேய் வந்தாலும் காய்ஞ்சுதான் போகும்," என்று சந்தியில் நின்று சொன்னார்.

அறை காயவில்லை. காலையில் மீட்டர் அறுபதுக்கு மேல் காட்டியது. ஈரம் இழுக்கும் மெசினின் வாளி நிறைந்து கிடந்தது. கதவு ரப்பரை மாற்றினார். கூரையில் ஏறினார், ஒழுக்கில்லை. பூட்டிய அறைக்குள் யார் மூச்சு விடுகிறார்கள்?

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்பம் ஐயா," என்றார் எலும்புகளை ஆராய வந்த டொக்டர் நிரோஜினி. "பிறகு இஞ்சை வச்சிருக்க ஏலாது. எலும்புப் பெட்டியள் கொழும்புக்குத்தான்."

சந்தியோகுவின் தம்பி ஜெறோம் சண்டை நாளில் பாண் வாங்கச் சைக்கிளில் போனவன், வரவில்லை. அதனால்தான் அந்த அறையில் குனிந்தபடியே வேலை செய்தார். பெட்டிகள் இருந்த பக்கம் ஒருநாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை.

வியாழன் பகல் நிமிர்ந்தார். பெட்டிகள் அடுக்கிய தட்டுக்குப் பின்னால் போனார். ஒவ்வொரு பெட்டிக்குப் பின்னாலும் ஒரு கிண்ணம், நிறையத் தண்ணீர்.

கூட்டித் துடைக்கும் நாகபூசணி வாசலில் நின்றாள்.

"என்ன பிள்ளை இது?"

"தண்ணி, அண்ணை."

"தெரியுது. நான் ஈரத்தோடை மல்லுக்கட்ட, நீர் குளமெல்லோ கட்டியிருக்கிறீர்!"

"என்ரை அவர் இதுக்குள்ளை இருக்கலாம். செத்த வீட்டிலை தண்ணி வைக்கிறதெல்லோ? அவருக்கு நாங்கள் ஒண்டும் வைக்கேல்லை."

"அப்ப ஒண்டு காணாதே?"

"எது அவர் எண்டு ஆருக்குத் தெரியும்? அவருக்கு வச்சிட்டு மற்றாக்களைத் தவிக்க விடேலுமே?"

"மூடியாவது போடும்."

"மூடினால் எப்பிடியண்ணை குடிக்கிறது?"

சந்தியோகு கிண்ணங்களைத் தானே தூக்கி, கதவுக்கு வெளியே சுவரோரம் வரிசையாக வைத்தார். டொக்டரிடம் போய், "மெசின் பிழை. திருத்தியாச்சு," என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் அதுவரை வந்ததில்லை.

வெள்ளிக்கிழமை மீட்டர் நாற்பத்தெட்டுக் காட்டியது. பெட்டிகள் தீவிலேயே தங்கின.

வெளியே கிண்ணங்களில் தண்ணீர் காலைக்குக் காலை குறைந்திருந்தது. "காத்து இழுக்குது," என்று எல்லாம் தெரிந்தவர் குரலில் சந்தியோகு விளக்கினார். நாகபூசணி தலையாட்டிவிட்டு நிரப்பினாள்.

அடுத்த கிழமை பிளாஸ்கோடு வந்தார். வரிசையின் கடைசியில் ஒரு கிளாஸ் வைத்து, சீனி கூடப் போட்ட பிளேன்ரீ ஊற்றினார்.

"ஆருக்கண்ணை?"

"எனக்குத்தான்."

"ஆறப் போகுது."

"ஆறட்டும்," என்றார் சந்தியோகு. "அவன் சூடாக் குடியான்."