பாஸ்கர் வாங்கிய மெதுவான பிராசஸர்

திருவிடைமருதூரில் ஒரு கல்யாணம். தாலி கட்டுகிற நேரம். கேமரா தோளில், கெட்டிமேளம் காதில், சட்டைப் பையில் போன் துடித்துக்கொண்டே இருந்தது. அந்த நேரத்தில் எந்தக் கேமராக்காரனும் போனைத் தொட மாட்டான். தொட்டால் அடுத்த கல்யாணம் அவனுக்குக் கிடையாது. அட்சதை ஓய்ந்த பிறகு ஓரமாக வந்து பார்த்தேன். பாஸ்கரின் தங்கை சங்கீதா விடாமல் கூப்பிட்டிருந்தாள்.

"அண்ணன் போயிருச்சுண்ணே. காலையில நெஞ்சு வலிக்குதுன்னு சொன்னுச்சு. ஆஸ்பத்திரி வாசல்லயே..." என்றாள். 

மேடையைத் திரும்பிப் பார்த்தேன். மணப்பெண்ணின் அம்மாவுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் காலியாக இருந்தது. இறந்துபோன அப்பாவுக்கான இடம் அது. அதை விட்டு எடுக்கச் சொல்லி முந்தின நாள்தான் பாஸ்கர் என்னை அனுப்பியிருந்தான்.

அவனை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. பூதலூரில் ரைஸ்மில்லுக்குப் பின்னால் இருக்கும் எங்கள் ஸ்டுடியோவில் படம் பிடிப்பவன் நான், எடிட் செய்பவன் அவன். இறந்துபோன அப்பாவை, அம்மாவைக் கல்யாண வீடியோவில் கொண்டுவந்து சேர்ப்பது இப்போது நம் பக்கம் வழக்கமாகிவிட்டது. மற்ற இடங்களில் புகைப்படத்தை வெட்டி மேகத்துக்கு நடுவே ஒட்டிவிடுவார்கள். பாஸ்கர் செய்தால் மனிதர் நடந்தே வருவார். வேட்டி மடிப்பு அசையும், நிழல் தரையில் விழும். மனைவிக்குப் பக்கத்தில் நின்று அட்சதை தூவிவிட்டுப் போவார். 

சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு பையன், அப்பா வாட்ஸப்பில் அனுப்பிய குரல் பதிவுகளைக் கொடுத்து, "இதை வச்சு அவரை ரெண்டு வார்த்தை வாழ்த்த வச்சிடுங்க" என்று கேட்டான். எவ்வளவு ஆனாலும் தருவதாகச் சொன்னான். பாஸ்கர் முடியாது என்றுவிட்டான். அந்தப் பையன் போன பிறகு நான் சத்தம் போட்டேன். "நடக்க வைக்கிறதோட நிறுத்திக்கணும்ணே. அவங்க சொல்லாத வார்த்தைய அவங்க வாயில நாம வைக்கக் கூடாது" என்றான். அவன் ஒன்று சொல்லிவிட்டால் அவ்வளவுதான். எருமை மாட்டிடம் பேசுவது போலிருக்கும். கோபத்தில் எழுந்து டீக்கடைக்குப் போய்விடுவேன்.

பழைய கணினி இருந்தபோது நடந்ததை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. பேராவூரணியிலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். தென்னந்தோப்பில் விழுந்து இறந்த கணவரை மகள் கல்யாண வீடியோவில் பார்க்க வேண்டும் என்று வந்து எங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். சித்திரை வெயில். ரைஸ்மில்லின் உமித்தூசி மின்விசிறியெல்லாம் அப்பிக்கிடந்தது. பாதி வேலையில் கணினி சூடு தாங்காமல் திணறி, திரை அப்படியே உறைந்தது. அதில் வெள்ளை வேட்டியும், அட்சதை தூவ உயர்த்திய கையும் இருந்தன. தலை இன்னும் வரவில்லை. ஒரு நிமிடம் அப்படியே நின்றுவிட்டுத் திரை அணைந்துபோனது.

"வந்துட்டுத் திரும்பிட்டாரா தம்பி?" என்று அந்த அம்மா கேட்டார்.

 அன்று மத்தியானம் பாஸ்கர் சாப்பிடவில்லை.

புதுக் கணினி கட்ட வேண்டும் என்று முடிவானது அதற்குப் பிறகுதான். தஞ்சாவூர் கடைக்காரர் இரண்டு பிராசஸர்களைக் காட்டினார். கணினியின் மூளை அதுதான், அதில்தான் எங்கள் பிழைப்பே இருக்கிறது. ஒன்று அசுர வேகம், மற்றதைவிட இரண்டு மடங்கு வேலை செய்யும். ஆனால் மின்சாரத்தைக் குடிக்கும், அடுப்பு மாதிரி கொதிக்கும். மற்றது மெதுவானது, ஆனால் சூடாகாது. பெரியவர், சின்னவர் என்று இரண்டுக்கும் பெயர் வைத்தோம். மாப்பிள்ளை பார்க்கிற வீடு மாதிரி வாரக்கணக்கில் ஜாதகம் அலசினோம். நான் பெரியவர் கட்சி. யூடியூபில் எல்லா விமர்சனங்களையும் பார்த்து மனப்பாடமே செய்திருந்தேன்.

"யூடியூப்காரரு ஏசி ரூம்ல உக்காந்து சோதிக்கிறாருண்ணே. அவரு பக்கத்துல ரைஸ்மில் ஓடுதா? மும்முனை கரண்டு வந்ததும் வயக்காட்டு மோட்டாரெல்லாம் ஒண்ணா எடுத்தா அவருக்கு லைட்டு மங்குதா?" என்றான் பாஸ்கர்.

"ஏசி போட்டுக்குவோம். பெரிய யுபிஎஸ் வாங்குவோம். முகூர்த்த மாசத்துல வேலை மலையா குவியுதுடா. சீக்கிரம் முடிய வேணாமா?"

"செத்துப்போனவங்களுக்கு என்னண்ணே அவசரம்? மெதுவா வரட்டும். பாதியில நின்னுடக் கூடாது."

 சின்னவரை வாங்கினோம். அந்தக் கணினி ஒரு நாளும் பாதியில் நின்றதில்லை என்பது உண்மை. ஒவ்வொரு ஆவணி முகூர்த்தத்திலும் வீடியோ தாமதமாகி, வாடிக்கையாளர்களிடம் வசவு வாங்கியது நான்தான் என்பதும் உண்மை. இரண்டையும் எழுதிவைக்கிறேன். அவன் இருந்தால் இரண்டாவதைப் படித்துவிட்டுச் சிரிப்பான்.

கணினி வேலை செய்யும் நேரமெல்லாம் நான் எதிர் டீக்கடையில்தான் கிடப்பேன். முடிந்ததும் என்னைக் கூப்பிட வருவது அவனுக்கு அலுத்துவிட்டது. தன் குரலையே பதிவு செய்து, வேலை முடிந்தால் தானாகப் பேசும்படி வைத்துவிட்டான். ஜன்னலில் ஒரு ஸ்பீக்கர். "முடிஞ்சிருச்சுண்ணே. வாங்க, வந்து பாருங்க." தெருவுக்கே கேட்கும். டீக்கடையில் எல்லோரும், "போங்க, தம்பி கூப்புடுறாரு" என்று கேலி செய்வார்கள்.

அவன் காரியம் முடிந்து கொஞ்ச நாளில் திருவிடைமருதூர் வீடியோவை முடித்துக் கொடுக்க உட்கார்ந்தேன். மணப்பெண்ணின் அப்பா உருவத்தை அவன் முன்கூட்டியே பாதி செய்து வைத்திருந்தான்; அதைத் தட்டுத்தடுமாறி முடித்து, கணினியை ஓடவிட்டுவிட்டு டீக்கடைக்குப் போனேன். கையில் கிளாஸ் இருக்கும்போது குரல் வந்தது. "முடிஞ்சிருச்சுண்ணே. வாங்க, வந்து பாருங்க." கடையில் யாரும் கேலி செய்யவில்லை. டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கை அப்படியே நின்றது. நான் எழுந்து போனேன். அவன் நாற்காலி காலியாகத்தான் இருந்தது. வேறு எப்படி இருக்கும்? இருந்தாலும் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே நுழைந்தேன். அந்தக் குரலை நிறுத்துவது பெரிய வேலை இல்லை. என் கைதான் போகவில்லை.

அடுத்தது சங்கீதாவின் கல்யாணம். அவன் நிச்சயம் செய்து வைத்த கல்யாணம் அது. மேடையில் இடம் விட்டு எடுத்தேன். எடுக்கும்போது வ்யூபைண்டரில் அந்தக் காலி இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணை எடுத்தால் அவன் வந்து நின்றுவிடுவான் போல ஒரு பயம் இருந்தது. வரமாட்டான் என்பது அதைவிடப் பெரிய பயம்.

வீடியோ முடிகிற அன்று அவன் அம்மா ஸ்டுடியோவுக்கு வந்தார். பாஸ்கரின் நாற்காலியில் உட்காரவில்லை, முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"தம்பி, புள்ள வந்து நிக்கிறப்போ ஒரே ஒரு வார்த்தை பேச வச்சிருப்பா. அவன் குரல் கேட்டு எத்தனை நாளாச்சு."

அவன் குரல் என்னிடம் நிறைய இருந்தது. செய்ய வழியும் தெரியும். கேட்பது பெற்றவள். 

"அவன் யாருக்கும் அப்படிச் செஞ்சதில்லம்மா. கூடாதுன்னு சொல்லுவான்."

 "அவன் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

வேலை முடியப் போகிற தறுவாயில்தான் ஜன்னல் ஸ்பீக்கர் நினைவுக்கு வந்தது. அதை நிறுத்தக் கை மவுஸுக்குப் போனது. அதைக் கேட்டால் இந்த அம்மாவுக்கு என்ன ஆகும் என்று தெரியவில்லை. ஆனால் அது யாரும் அவன் வாயில் வைத்த வார்த்தை இல்லை, அவனே சொன்னது. கையை எடுத்துவிட்டேன்.

"முடிஞ்சிருச்சுண்ணே. வாங்க, வந்து பாருங்க."

அந்த அம்மா பதறவில்லை. புடவையைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

"வந்துட்டேன்ப்பா" என்றார்.

திரையில் பாஸ்கர் நடந்து வந்து தங்கைக்குப் பக்கத்தில் நின்றான். பேசவில்லை. அட்சதை தூவினான். பாதியில் நிற்கவில்லை.

அவனிடமிருந்து என்னோடு இருப்பது இடம் விட்டு எடுக்கிற பழக்கமும், இந்தக் கணினியும். இன்று கடையில் இருக்கிற எதுவும் இதைவிட வேகம், மாற்றுங்கள் என்கிறார்கள். எனக்கு என்ன அவசரம்? அவன் கூப்பிடுகிற வரைக்கும் டீக்கடையில் உட்கார்ந்திருப்பேன்.