தலைமுழுகியவள்

எங்கள் ஊர் வாய்க்கு ஒரு சொல் கிடைத்தால் போதும், வருஷம் முழுக்க மென்றுகொண்டிருக்கும். முப்பத்தி நாலாம் வருஷம் கிடைத்த சொல் 'தலைமுழுகிட்டா'.

அடுத்த வீட்டு ஆண்டாளின் புருஷன் அரங்கநாதன் விஷக்காய்ச்சலில் விழுந்து புதுச்சேரி சர்க்கார் ஆஸ்பத்திரியில் கிடந்தான். வில்லியனூரில் ரயிலேறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவாள் ஆண்டாள். வீட்டில் பால்குடி மறக்காத பிள்ளை. நோயாளியைத் தொட்ட கையோடு பிள்ளையைத் தூக்காதே, சவுக்காரம் போட்டுக் கழுவு, சேலையை மாற்று என்று ஆஸ்பத்திரிக் கன்னியாஸ்திரீ சொல்லி அனுப்பினாள். முந்தின மாசம்தான், இதே காய்ச்சலில் கிடந்த மேலத்தெரு மாரிமுத்துவை அவன் தங்கை போய்ப் பார்த்துவிட்டு வந்து, அவள் குழந்தையும் அதிலேயே செத்துப்போயிருந்தது. ஆண்டாள் கையோடு நிறுத்தவில்லை. நேரே கொல்லைக் கிணற்றுக்குப் போய்த் தலையோடு ஊற்றிக்கொண்டாள். எதையும் அரைகுறையாய்ச் செய்யத் தெரியாதவள்.

சாவு வீட்டுக்குப் போய்வந்தால் தலைமுழுகுவோம். வேண்டாதவனை விட்டொழித்தாலும் தலைமுழுகியாச்சு என்போம். உயிரோடிருக்கிற புருஷனைப் பார்த்துவிட்டு வந்து தலைமுழுகினால் ஊர் சும்மா இருக்குமா? மாமியார் கனகாம்பாள் கிணற்றடிக்கே வந்துவிட்டாள்.

"எம்புள்ள உசுரோட இருக்கசொல்ல நீ இன்னாடி தலைமுழுவற?"

ஆண்டாள் காரணம் சொன்னாள். காதில் ஏறவில்லை. அடுத்த முறை அவள் வந்தபோது கிணற்றடியில் கயிறும் இல்லை, தோண்டியும் இல்லை, கனகாம்பாள் ஒளித்துவிட்டாள். ஆண்டாள் வாய்க்காலில் முழுகி, ஈரச் சேலையோடு நடுத்தெரு வழியாகத் தலைநிமிர்ந்து வந்தாள்.

பிறகு கனகாம்பாளும் மகனைப் பார்த்துவிட்டு வந்தாள். பேரன் அவளிடம் தாவினான். ஆண்டாள் பிள்ளையோடு பின்வாங்கினாள்.

"அத்தை, மொதல்ல தலைக்கு ஊத்திக்கிட்டு வாங்க."

உயிரோடிருக்கிற மகனுக்குத் தலைமுழுக மாட்டேன் என்றாள் மாமியார்.

"அப்ப புள்ளையத் தொடாதீங்க."

கனகாம்பாளால் மகனைப் பார்க்காமலும் இருக்க முடியவில்லை, தலைமுழுகவும் மனம் வரவில்லை. பேரனைத் தூரத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆண்டாள் ரயிலுக்குப் போகிற நாளில் பிள்ளை என் இடுப்பில். அவன் தன் ஆயா கனகாம்பாளைப் பார்த்துக் கையை நீட்டி அழும்போது எனக்கே பொறுக்காது. ஆண்டாள்மேல் கோபமாய் வரும். அந்தப் பிடிவாதத்தைக் கும்பிடவும் தோன்றும்.

காய்ச்சல் விட்டது. கனகாம்பாள்தான் போய் மகனை வண்டி வைத்து அழைத்துவந்தாள். ஆண்டாள் ஆரத்தித் தட்டோடு வாசலில் நின்றாள், பக்கத்தில் பிள்ளையை இடுக்கிக்கொண்டு நான். எலும்பும் தோலுமாய் இறங்கிய அரங்கநாதன் உள்ளே வரவில்லை. தோண்டியை ஒளித்த கதையை ஆண்டாள் ஆஸ்பத்திரியிலேயே அவனிடம் சொல்லியிருந்தாள்.

"அம்மா, அந்தத் தோண்டிய எடுத்துக் குடு. ஆஸ்பத்திரி அழுக்கோட எம்புள்ளையத் தூக்கமாட்டேன்."

கனகாம்பாள் உள்ளே போனாள். நெல் குதிருக்குப் பின்னாலிருந்து கயிறும் தோண்டியும் வெளியே வந்தன. தானே சேந்தி மகன் தலையில் ஊற்றினாள். நோய் விட்டவனுக்குத் தலைக்கு ஊற்றுவது நல்ல காரியம், அதில் அவளுக்கு வருத்தமில்லை. அவன் துவட்டிக்கொள்ளப் போனதும் இன்னொரு தோண்டி சேந்தினாள். அதைப் பிடித்தபடி பேரனைப் பார்த்தாள். பிறகு தன் தலையில் கவிழ்த்துக்கொண்டாள்.

வேறு சேலை கட்டிக்கொண்டு வந்து, தலை சொட்டச் சொட்டக் கையை நீட்டினாள்.

"இப்பக் குடுடி."

ஆண்டாள் என் இடுப்பிலிருந்து பிள்ளையை வாங்கி அவளிடம் கொடுத்தாள். ஊர் பேசியபோதெல்லாம் அழாதவள், அப்போதுதான் அழுதாள்.